சிற்றூர் அறிவும் ஆலை வாயிலும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், கூடூருக்குச் செல்லும் இருப்புப்பாதையை அடுத்து அமைந்திருப்பது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்குவோரும், அதனைக் கம்பியாக உருட்டுவோரும், பொறியுறுப்புகளை வார்ப்போரும் இரவு பகல் என்னும் வேறுபாடின்றித் தொழில் புரிகின்றனர். அதற்குத் தெற்கே, மீஞ்சூரை அடுத்த வள்ளூரில், 1500 மெகாவாட் மின்னாற்றலைத் தரவல்ல அனல்மின் நிலையம் நிற்கிறது. திருவள்ளூர் நகரை ஒட்டிய காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை உள்ளது. இவற்றிற்கு இடையே கிடக்கும் நிலமோ ஆரணியாறும் கொசத்தலையாறும் பாய்ந்த பழைய உழவு நிலம். நெல்லும் நிலக்கடலையும் விளைவிக்கும் ஊர்கள் ஒருபால். பொதட்டூர்ப்பேட்டை போன்ற நெசவூர்கள் ஒருபால். பழவேற்காட்டு ஏரிக்கரையில் வலை வீசியும் பனையோலை முடைந்தும் வாழும் குடிகள் ஒருபால்.

மதிலுக்கு இப்பால் ஏர். அப்பால் கடைசல் பொறி. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதே. சுற்றுப்புற ஊர்களின் இளைஞர் நாள்தோறும் அவ்வாலை வாயில்களில் நுழைந்து உழைத்துத் திரும்புகின்றனர். ஆயின், அவ்வூர்களில் ஒருவர் தம் தேவையின் பொருட்டு ஒரு கருவியைப் புதிதாக ஆக்கினால், அக்கருவி அவ்வாயிலைக் கடந்து உட்செல்வது மிக அரிது. உடலுழைப்பிற்குத் திறக்கும் கதவு அறிவிற்குத் திறவாதிருத்தல் முறையன்று.

சிற்றூரார் புதியன ஆக்கும் திறமற்றவர் என்று கருதுவோர் உளர். அவர் உழவரின் மோட்டார்க் கொட்டகையை ஒருமுறையேனும் எட்டிப் பார்த்திலர் என்றே கொள்ளவேண்டும். மிதிவண்டிச் சக்கரத்தைக் களையெடுக்கும் கருவியாக்கியவரும், பழைய இரும்புத் தகட்டை வளைத்து விதைக்கும் பெட்டி செய்தவரும், கடலைச் செடியைக் காயோடு பறிக்கும் கவையைத் தம் கைக்கேற்பத் திருத்தியவரும் நாட்டில் எங்கும் உள்ளனர். அவர்கள் தம்மைக் கண்டுபிடிப்பாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. வேலை எளிதாயிற்று என்ற அளவில் மனநிறைவு கொண்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். அவர்க்குப் பின் அக்கருவி கொட்டகை மூலையில் துருப்பிடிக்கிறது.

இத்தகையோருள் ஒருவர் ஆக்கிய கருவி ஊரெல்லை கடந்த வரலாற்றைக் காண்பது பயன் தரும். கருநாடக மாநிலத்தில், இன்று பெலகாவி என வழங்கும் பெல்காம் மாவட்டத்தில், சதலகா என்பது ஓர் ஊர். அவ்வூர் உழவர் அண்ணாசாகேப் உதகவி. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த அவர் நீர்ப்பற்றாக்குறையால் வருந்தி, உள்ள நீரைச் சிக்கனமாகப் பயிருக்குக் கொண்டுசெல்லும் வழிகளைத் தாமே ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாகத் தோன்றியதே ‘சந்திரபிரபு’ என்னும் பெயருடைய மழைத்துப்பாக்கி. துப்பாக்கி என்னும் பெயர் கேட்டு மருள வேண்டா. குழாயில் அழுத்தத்தோடு வரும் நீரை ஒரு நீண்ட மூக்கின் வழியே உயர வீசி, தானே சுழன்று, சுற்றிலும் வட்டமாக மழைபோல் பெய்விக்கும் கருவி அது. வாய்க்கால் வழியே பாயும் நீரில் ஒரு பகுதி மண்ணுள் இறங்கி வீணாகிறது. மேடான இடம் காய்கிறது. பள்ளத்தில் நீர் தேங்குகிறது. மழைத்துப்பாக்கியோ மேடு பள்ளம் பாராது சமமாகத் தூவுகிறது; பாத்தி கட்டும் ஆட்கூலியும் குறைகிறது. கரும்பு, நிலக்கடலை முதலிய பயிர்களுக்கு அது ஏற்றது.

கருவி நன்று. அது தன்னூரில் ஓடியது. அதன்பின் என்ன? இங்கேதான் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் நின்றுவிடுகின்றன. ஒரு கருவியைத் தம் வயலுக்கென ஒருமுறை செய்வது வேறு. அதனையே ஆயிரம் பேருக்குச் செய்வது வேறு. முதற்கருவியில் ஒரு மரை சற்றுத் தளர்ந்திருப்பின், செய்தவரே அதனைத் தட்டிச் சரிசெய்வார். ஆயிரம் கருவிகள் ஆயிரம் வயல்களில் ஓடும்போது அவ்வாறு ஓடித் தட்டுவார் யார்? ஆகவே, ஒவ்வோர் உறுப்புக்கும் அளவு குறித்த வரைபடம் வேண்டும். வார்ப்புக்கு அச்சு வேண்டும். எந்த உலோகம் நீரில் அரிப்பெடாது என்னும் தேர்வு வேண்டும். வெவ்வேறு வலிமையுள்ள நீரேற்றிகளோடு இணைத்துப் பார்த்தல் வேண்டும். தேய்ந்த உறுப்பிற்கு மாற்றுறுப்பு கடைகளில் கிடைத்தல் வேண்டும். இவை யாவும் தொழிற்சாலையின் கலைகள். உழவர் ஒருவர் இவற்றைத் தனியே கற்றுத் தேறவேண்டும் என்று எதிர்பார்ப்பது, பாட்டு இயற்றியவரே அச்சுப்பொறியையும் ஓட்டித் தெருத்தெருவாக நூலையும் விற்கவேண்டும் என்பது போன்றதாகும்.

இவ்விடைவெளியை நிரப்பச் சென்னையில் 2001ஆம் ஆண்டில் ஓர் அமைப்பு தோன்றியது. பால் பேசில் என்பார் தொடங்கிய அது, முதலில் ஊரகப் புத்தாக்கங்களுக்கான வலையமைப்பாக விளங்கிப் பின்னர் ‘வில்க்ரோ’ எனப் பெயர் பெற்றது. அவ்வமைப்பு மழைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து, சென்னையைச் சேர்ந்த செர்வல்ஸ் என்னும் தொழில் நிறுவனத்தோடு அதனை இணைத்தது. பெல்காம் உழவரின் எண்ணம் சென்னைப் பட்டறையில் உருப்பெற்று உழவர் பலரின் வயலை அடைந்தது இவ்வாறே. இங்கு அவ்வமைப்பு எதனையும் கண்டுபிடிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. ஒருவரை மற்றொருவரிடம் அழைத்துச் சென்றது. இருவருக்கும் புரியும் மொழியில் பேசியது. ஒப்பந்தம் எழுத உடனிருந்தது. இப்பணியைச் சிலர் தரகு என்று இகழ்வர். நேர்மையான தரகு இழிவன்று. இன்று நாட்டிற்கு மிகவும் வேண்டப்படுவதும் அதுவே.

நேர்மையான என்ற அடைமொழி இங்குக் காரணத்தோடு இடப்பட்டது. சந்தையோடு இணைந்த அளவில் எல்லாம் நலமாகிவிடும் என்று எண்ணுதல் பிழை. பழவேற்காட்டின் பழைய வரலாறே இதற்குச் சான்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் அங்கு வந்து, 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையை நிறுவினர். சோழமண்டலக் கரையின் நெசவாளர் நெய்த துணிகள் அங்கிருந்து கப்பலேறித் தென்கிழக்காசியத் தீவுகளுக்குச் சென்றன. அத்துணைப் பெரிய சந்தை கிட்டியும், நெசவாளர் வணிகரிடம் முன்பணம் பெற்றே தறி ஓட்டினர். முன்பணம் பெற்றவர் விலை பேசும் வலிமையை இழந்தனர். கோட்டை கட்டியவருள் பலர் பெயர் கல்லறைக் கற்களில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. நெய்தவர் ஒருவர் பெயரும் அங்கு இல்லை.

இது பழங்கதை என்று ஒதுக்குதற்கில்லை. மகாராட்டிர மாநிலம் சந்திரப்பூர் மாவட்டத்து நாந்தேட் என்னும் சிற்றூரில் தாதாஜி ராமாஜி கோப்ரகடே என்னும் சிறு உழவர் வாழ்ந்தார். 1983இல் தம் வயலில் ‘பட்டேல்-3’ என்னும் நெல்லிடையே சில கதிர்கள் மட்டும் வேறு வடிவில் இருக்கக் கண்டார். வேறொருவராயின் அவற்றையும் சேர்த்து அறுத்திருப்பர். அவர் அவற்றைப் பிரித்தெடுத்து, ஆண்டுதோறும் தனியே விதைத்து, தேர்ந்து, பெருக்கினார். சன்னமான அரிசியும் நல்ல விளைச்சலும் உடைய புதுநெல் ஒன்று கிடைத்தது. அதனை வாங்கிய வணிகர், அந்நாளில் புகழ்பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரைச் சூட்டி ‘எச்.எம்.டி.’ நெல் என்று விற்றனர். அந்நெல் மாநிலங்கள் பலவற்றிற் பரவியது. 1994இல் ஆராய்ச்சிக்கென அவரிடமிருந்து விதை பெறப்பட்டது. 1998இல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒன்று அதனைத் தன் பெயர் சேர்த்து வெளியிட்டது. 2005இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் கையால் பரிசு பெற்ற அம்மனிதர், 2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மறைந்தார். இறுதி நாட்களில் மருத்துவச் செலவிற்கும் பிறர் உதவியை நாடவேண்டிய நிலை அவர்க்கு நேர்ந்தது.

செங்குன்றத்து அரிசி ஆலைகளில் நாள்தோறும் எத்தனையோ வகை நெல் அரைபடுகிறது. ஒவ்வொரு வகையின் பெயரும் மூட்டையில் எழுதப்பட்டிருக்கும். அவ்வகையை உருவாக்கியவர் பெயரை எம்மூட்டையிலும் காணமுடியாது. கோப்ரகடேயின் நெல்லுக்குச் சந்தை இருந்தது, வணிகர் இருந்தனர், ஆராய்ச்சி நிலையமும் இருந்தது. இல்லாதது ஒன்றே: உரிமை. புதுப் பயிர்வகையை உருவாக்கிய உழவர் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள வழிவகுக்கும் சட்டம் 2001இல்தான் இயற்றப்பட்டது. அதற்குள் அவர் நெல் ஊரெங்கும் பரவிவிட்டது.

ஆகவே, ஊரார் ஆக்கிய கருவியை ஆலைக்குக் காட்டுமுன் அதன் உரிமையைக் காத்தல் வேண்டும். கருவிகளுக்குரிய காப்புரிமை இந்நாட்டில் 20 ஆண்டுகளுக்குச் செல்லும். அலுவலகம் தொலைவில் இல்லை. சென்னைக் கிண்டியிலேயே உள்ளது. தனி மனிதர் பெருநிறுவனங்களைவிட மிகக் குறைந்த கட்டணம் செலுத்தினால் போதும். முதலில் சுருக்கமான முன்விண்ணப்பம் அளித்துவிட்டு, முழு விண்ணப்பத்தைப் 12 திங்களுக்குள் அளிக்கலாம். எல்லார்க்கும் விளக்கிக் காட்டியபின் விண்ணப்பித்தாலோ புதுமை அற்றதென்று தள்ளப்படவும் கூடும். திருவிழாக் கண்காட்சியில் முதலில் காட்டிவிட்டுப் பிறகு காப்புரிமையை எண்ணுவோர் பலர் இழப்பது இதனாலேயே.

சந்தை என்பதும் எப்போதும் பெருநிறுவனமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மகளிர்க்குரிய அணையாடையைக் குறைந்த விலையில் செய்யும் பொறியை ஆக்கினார். 1998இல் தொடங்கிய முயற்சி அது. பஞ்சால் செய்து பார்த்துத் தோற்று, மரக்கூழின் நாரே மூலப்பொருள் என அறியவே அவர்க்கு ஆண்டுகள் சில ஆயின. 2006இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார்க்கு அதனைக் காட்டினார். பின்னர்ப் பெருநிறுவனங்களை நாடாமல், மகளிர் சுயவுதவிக் குழுக்களுக்கே பொறியை விற்றார். செய்பவரும் பெண்டிர், விற்பவரும் பெண்டிர், வாங்குபவரும் பெண்டிர். அப்பொருளைக் கடையில் கேட்க நாணிய ஊர்களில் வேறெவ்வழியும் பயன்பட்டிராது. அவர்க்கு 2016இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. தெலங்கானத்துச் சிந்தகிந்தி மல்லேசமும் அத்தகையவரே. சேலைக்கு நூல் சுற்றும்போது ஆயிரக்கணக்கான முறை கையை வீசவேண்டியிருந்த தம் அன்னையின் தோள்வலியைக் காணப் பொறாது, 1999இல் அதற்கொரு பொறி அமைத்து, அன்னையின் பெயரையே அதற்கு இட்டார். ஒரு சேலைக்கு நான்கு மணி நேரம் பிடித்த வேலை ஒன்றரை மணியில் முடிந்தது. அவர் பொறியை வாங்கியோர் அவரைப் போன்ற நெசவாளரே. அவரும் 2017இல் பத்மசிறீ விருது பெற்றார்.

கோயம்புத்தூர்ப் பகுதியில் இத்தகையோர் பலர் தோன்றுவது ஏன் என்பது எண்ணத்தக்கது. அங்குள்ளார் மற்றையோரினும் அறிவில் மிக்கவர் என்பதற்கன்று. இந்தியாவின் முதல் மின்மோட்டார்களுள் ஒன்றை 1937இல் உருவாக்கிய ஜி. டி. நாயுடுவின் காலந்தொட்டே, வார்ப்படச் சாலையும் கடைசல் பட்டறையும் தெருத்தோறும் அங்குத் தோன்றின. அப்பட்டறைகள் உழவரின் கிணற்று நீரேற்றியைச் செய்தும் பழுதுபார்த்தும் வளர்ந்தவை. ஆதலின், உழவர் ஒருவர் உடைந்த இரும்பைக் கையிலேந்தி, இதை இப்படி வளைத்துத் தரமுடியுமா என்று கேட்டால், அங்கே விடை கிடைக்கும். கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் பொறிகளுக்குக் குறைவில்லை. கோயம்புத்தூரிலும் நுட்பமானவை சில உண்டு. ஆயின், அவை தொலைவிலுள்ள பெருநிறுவனங்களின் ஆணைக்கே ஓடுகின்றன. பக்கத்து ஊர் உழவரை வாயிற்காவலரே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

ஆலை உடையோர் கூறும் மறுமொழி ஒன்றுண்டு. குறித்த நாளில் சரக்கு அனுப்பவேண்டிய நெருக்கடியில், ஊராரின் விளையாட்டுப் பொருள்களைப் பார்க்க நேரம் ஏது என்பர். அது முற்றிலும் தள்ளத்தக்க மறுமொழியன்று. ஊரார் ஆக்குவன எல்லாம் சந்தைக்கு உரியனவும் அல்ல. சில ஒரு வயலுக்கு மட்டுமே பொருந்தும். சில முன்பே வேறெங்கோ செய்யப்பட்டிருக்கும். இவற்றைப் பிரித்தறிந்து சொல்லும் பொறுப்பை ஆலையின்மேல் சுமத்தலாகாது. 1978 முதல் நிறுவப்பட்ட மாவட்டத் தொழில் மையங்கள் இருப்பது எதற்கு? அம்மையத்தார் ஊர்களுக்குச் சென்று கருவிகளைக் கண்டு, தேர்ந்து, காப்புரிமைக்கு விண்ணப்பிக்க உதவி, அதன்பின் ஆலையின் முன் வைக்கலாம். ஆலையார் திங்களில் ஒரு நாள் ஒரு கடைசல் பொறியையும் ஒரு பொறியாளரையும் அதற்கென ஒதுக்கினால் அவர்க்கு வரும் இழப்பு மிகச் சிறிது. விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் கண்டுபிடித்தவர்க்கு உரிய பங்கு இவ்வளவென முன்னரே எழுதிவிடுதல் வேண்டும். வாங்குவார் இல்லை என்னும் அச்சமும் வேண்டா. உழவர் கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஒரே வகைக் கருவியைத் தொகையாக வாங்க முன்வந்தால், ஆலைக்கு அதுவும் ஓர் ஆணையே.

இத்தகைய தேடலுக்கு முன்மாதிரியும் உண்டு. அகமதாபாதில் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய ‘தேனீ’ வலையமைப்பினர் ஊர்தோறும் நடந்துசென்று மக்களின் கண்டுபிடிப்புகளைத் திரட்டினர். அதன் தொடர்ச்சியாக 2000ஆம் ஆண்டில் தேசியப் புத்தாக்க நிறுவனம் அரசின் துணையோடு தோன்றியது. மதுரையிலிருந்து ‘நம்வழி வேளாண்மை’ என்னும் இதழும் அப்பணியைத் தமிழில் செய்தது. தேனீ மலருக்குக் கேடு செய்யாமல் தேனெடுப்பதோடு, ஒரு மலரின் மகரந்தத்தை மற்றொன்றிற்கும் சேர்க்கிறது; அப்பெயரை அவர்கள் தேர்ந்தது அதன்பொருட்டே.

பள்ளி மாணவர்க்கும் இதில் இடமுண்டு. ‘இன்ஸ்பயர் மானக்’ என்னும் திட்டத்தின்கீழ், ஆறாம் வகுப்பு முதலான மாணவர் தம் புதிய எண்ணங்களைப் பள்ளி வழியே அனுப்பலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கு மாதிரி செய்வதற்கென 10,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தந்தையின் வயலிலோ தாயின் தறியிலோ பாட்டனாரின் படகிலோ தடைப்படும் வேலை எதுவெனக் கண்டு எழுதி அனுப்புதல் மாணவரால் ஆகக்கூடியதே. பொன்னேரியில் செய்யப்படும் மாதிரியின் ஓர் உறுப்பைக் கடைந்து தரக் கும்மிடிப்பூண்டிப் பட்டறை ஒன்று இசையுமாயின், அம்மாணவர் அவ்வாலையின் வாயிலில் நுழைவது கூலியாளாக அன்று.