பின் அச்சின் ஊளை

சென்ற ஆண்டு வீடு மாறினேன். மயூர் விஹாரிலிருந்து துவாரகாவுக்கு, அதாவது டெல்லியின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் ஒரே நடையில் போய்ச் சேர்ந்துவிட்டன. புத்தகங்களுக்குத் தனியாக ஒரு பிக்அப் வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. காஜிபூர் மண்டியிலிருந்து எங்கள் பகுதிக்குக் காய்கறி கொண்டுவருபவரின் வண்டிதான். ஏற்றி முடித்ததும் அவர் பின்சக்கரங்களைப் பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்கைவிட இது கனம், சார்ஜி" என்றார். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தமிழ் அகராதித் தொகுதிகள் மட்டுமே ஓர் அட்டைப் பெட்டியை நிறைத்திருந்தன. மறுத்துப் பேச முடியவில்லை.

சராய் காலே கானைத் தாண்டி ரிங் ரோட்டில் வண்டி வேகம் பிடித்ததும் அது ஆரம்பித்தது. நமக்குப் பின்னால், இடுப்புக்குக் கீழே எங்கிருந்தோ ஓர் ஊளை. நாற்பதில் முனகலாக இருந்தது, ஐம்பதைத் தாண்டியதும் ஓலமாக ஏறியது. டிரைவர் கையை நீட்டி ரேடியோவின் ஒலியைக் கூட்டினார். அந்த ஒரு செயலில் எல்லாம் தெரிந்துவிட்டது. அவருக்கும் கேட்கிறது, பல நாளாகக் கேட்கிறது, கேட்காமலிருக்க விரும்புகிறார்.

தௌலா குவான் நெரிசலில் நின்றபோது விஷயத்தைச் சொன்னார். சத்தம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் காட்டியிருக்கிறார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிரவுன்-பினியன் போய்விட்டது, செட்டாக மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். வண்டிக்கு மாதத் தவணை இன்னும் ஒன்றரை ஆண்டு பாக்கி. தர்பங்காவில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைக்குக் காய்கறி வேறொருவர் வண்டியில் வரும். அந்த வாடிக்கை அப்புறம் திரும்புமா என்பது சந்தேகம்தான். ஆகவே ரேடியோ.

கியர்பாக்ஸிலிருந்து வரும் நீண்ட தண்டு பின் அச்சின் நடுவே தொங்கும் பூசணிக்காய் போன்ற ஒரு பெட்டிக்குள் நுழைகிறதல்லவா, அதற்குள் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். தண்டின் முனையில் சின்னப் பற்சக்கரம், அது பினியன். அது சுழற்றும் பெரிய வட்டப் பற்சக்கரம் கிரவுன். (கிரவுனை 'கிரீடப் பற்சக்கரம்' என்று நான் மொழிபெயர்த்தால் ஆசிரியர் பாராட்டக்கூடும். மெக்கானிக் சிரிப்பார்.) பினியன் ஏறத்தாழ நான்கு முறை சுற்றினால் கிரவுன் ஒரு முறை சுற்றும். நீளவாக்கில் வரும் சுழற்சி இங்கே குறுக்குவாக்கில் திரும்பிச் சக்கரங்களுக்குப் போகிறது.

இதோடு முடிந்தால் அதற்கு டிஃபரன்ஷியல் என்ற பெயர் வந்திருக்காது. மாட்டு வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகிறது, உள்பக்கச் சக்கரம் குறைவாகப் போகிறது. இரண்டும் தனித்தனியாகச் சுழல்வதால் அங்கே பிரச்சினை இல்லை. என்ஜின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்து உந்தும்போதுதான் சிக்கல். கிரவுனோடு சுற்றும் கூட்டுக்குள் சில குட்டிப் பற்சக்கரங்களை வைத்து, இரண்டு பக்கமும் விசையும் போக வேண்டும், வேகமும் வேறுபட வேண்டும் என்ற கணக்கைத் தீர்த்தார்கள். நீராவி வண்டிக்காக இதைச் செய்து 1827இல் காப்புரிமை கேட்டவர் பிரான்ஸைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர். அவர் கடிகாரத் தொழிலிலிருந்து வந்தவர். நேர்நேராகச் சந்தித்துக்கொண்டிருந்த கிரவுனும் பினியனும் 1920களில் கொஞ்சம் விலகின. பினியனின் மையக் கோடு கிரவுனின் மையத்துக்குக் கீழே இறங்கியது. ஹைபாய்டு என்று பெயர். சத்தம் குறைந்தது, வலுவும் கூடியது. ஆனால் இந்த அமைப்பில் பற்கள் ஒன்றின் மீது ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துபோகும். அதனால்தான் இதற்கென்று கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த கியர் ஆயில். பழைய டிஃபரன்ஷியலைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் கந்தகத்தின் கைங்கர்யம்.

புத்தகங்களை இறக்கிய பிறகு, எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையைப் பற்றி அவரிடம் சொன்னேன். மண்டியிலிருந்து அதிக தூரம் இல்லை. வயதான உஸ்தாத் ஒருவர், இரண்டு சோட்டுகள், ஒரு வேப்பமரம். எனக்கும் ஆர்வம். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் போனேன்.

உஸ்தாத் வண்டியைத் தொடவில்லை. கேள்வி கேட்டார். எப்படிப்பட்ட சத்தம் என்று அவர் கேட்கவே இல்லை, அது எனக்கு ஆச்சரியம். தமிழில் இரட்டைக்கிளவிக்குப் பஞ்சமே இல்லை. கரகர, கடகட, நறநற என்று வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்டதெல்லாம் எப்போது என்பதுதான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா? திரும்பும்போது மட்டுமா? கியர் மாற்றியதும் 'டக்' என்று ஓர் அடி விழுகிறதா? எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, அப்புறம் அடங்குகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா?

பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். புதிதாகப் போட்ட வழவழப்பான சாலையிலும், சொரசொரப்பான பழைய சாலையிலும் ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார். சாலை மாறியதும் சத்தமும் மாறினால் டயரைப் பார்க்க வேண்டும். மாறவில்லை. காலியான இடத்தில் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். எடை ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடிக் குறைந்தால் சக்கரத்தின் பேரிங் மேல் சந்தேகம். அதுவும் இல்லை. அறுபதில் போகும்போது நியூட்ரலில் போட்டு வண்டியைத் தானாக உருளவிடச் சொன்னார். என்ஜின் அடங்கியது, ஊளை அடங்கவில்லை. ஆக, என்ஜினை விட்டுவிடலாம். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு குரல், விட்டால் சற்று வேறு குரல். இரண்டு நிலையிலும் சத்தம் இருக்கிறது, வேகத்தோடு ஏறிக்கொண்டும் போகிறது.

அதன் பொருளைப் பட்டறைக்குத் திரும்பி டீ குடிக்கும்போது விளக்கினார். பற்கள் மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு வேகத்தில்தான் பாடும். ஐம்பதிலிருந்து அறுபது வரை பாடிவிட்டு அப்புறம் ஓய்ந்துவிடலாம். மிதிக்கும்போது மட்டும் கேட்டு, விடும்போது மறைந்துவிடலாம். எல்லா நிலையிலும் இருந்து, வேகத்தோடு வளர்ந்தால் முதலில் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். சக்கரத்தைவிட நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும் பினியன் பேரிங்கின் குரல் கீச்சென்று மேலே இருக்கும், கிரவுன் பக்கத்துப் பேரிங்குகளின் குரல் அடித்தொண்டையில் உறுமும். திருப்பத்தில் மட்டும் கேட்டால் உள்ளேயிருக்கும் குட்டிப் பற்சக்கரங்கள். புறப்படும்போது ஒரே ஓர் அடி விழுந்தால் தண்டின் யு-ஜாயிண்ட்டையும் பாருங்கள், அது மலிவான உறுப்பு.

அடுத்து முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது என்று சோட்டுவுக்கு ஒரு திட்டு விழுந்தது. தண்டைக் கழற்றிவிட்டு உஸ்தாத் பினியனின் முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். அசைந்தது. என் கையையும் பிடித்து வைத்தார். தளர்ந்த பல்லை நாக்கு தொடுவது போல இருந்தது. அங்கே துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்காத சோதனை இது. 28,000 ரூபாய் கேட்ட இடத்தில் இதைச் செய்யவில்லை என்று டிரைவர் சொன்னார்.

ஆயிலை வடித்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. காந்தம் வைத்த அடைப்பானில் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது. அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து உஸ்தாத் தலையாட்டினார். பசையாக இருந்தால் தேய்மானம், துணுக்குகளாக இருந்தால் பல் உடைந்திருக்கிறது. துணுக்கு இல்லை. ஆயில் எங்கே போயிற்று? பினியனின் வாயில் இருக்கும் ஆயில் சீல் வழியாக. அதை ஏற்கெனவே இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது என்றார் டிரைவர், கொஞ்சம் கோபத்துடன்.

உஸ்தாத் அச்சின் மேல்பக்கம் விரலை விட்டுத் தடவினார். அங்கே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. மண்டியின் சேறு அதை அடைத்துச் சிமெண்டாக இறுகியிருந்தது. வண்டி ஓடினால் உள்ளே சூடேறும், காற்று விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் அது ஆயிலைச் சீல் வழியாகப் பிதுக்கித் தள்ளும். புதுச் சீல் போட்டாலும் அதே கதைதான். ஆயில் மட்டம் குறைந்ததும், கிரவுன் வாரி இறைக்கும் ஆயிலை மட்டுமே நம்பியிருக்கும் முன்பக்கப் பினியன் பேரிங் முதலில் காய்ந்துபோகும். இரண்டு மாத ஊளைக்கும், 28,000 ரூபாய் பயத்துக்கும் ஒரு கம்பியால் குத்தி எடுக்கக்கூடிய சேறு காரணம். அந்தக் கம்பியை டிரைவர் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரித்த பிறகு நடந்தவை என்னைப் பொறுத்தவரை பதிப்பு வேலை. கழற்றுவதற்கு முன்பே பேரிங் மூடிகளில் உளியால் அடையாளப் புள்ளி வைத்தார்கள். இடதின் மூடி வலதுக்குப் போகக் கூடாது. காகிதம் போன்ற இரும்பு ஷிம்களைப் பக்கம்வாரியாகத் துணியில் முடிந்துவைத்தார்கள். கிரவுனும் பினியனும் ஆலையில் ஒன்றாக ஓடவிட்டு இழைக்கப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நம் வண்டியில் பற்களின் முகம் பளபளப்பாக, குழியில்லாமல் இருந்தது. முன்பக்கப் பேரிங்கின் உருளைகளில் மட்டும் அம்மை போட்டது போலத் தழும்புகள்.

கஷ்மீரி கேட்டில் கிடைக்காத உதிரிபாகம் கிடையாது. அசலும் கிடைக்கும், அசலின் பெட்டியில் நகலும் கிடைக்கும். உஸ்தாத் தமக்குப் பழக்கமான ஒரு கடைக்கு மட்டும்தான் ஆளனுப்புவார். புதிய பேரிங்குகளைப் போட்டு, பினியன் நட்டை இறுக்கும்போது நான்கு சொட்டு வியர்வை அவர் நெற்றியில் துளிர்த்தது. இறுக்கம் குறைந்தால் ஆட்டம், கூடினால் பேரிங் வெந்துபோகும். கொஞ்சம் இறுக்குவார், கையால் சுழற்றிப் பார்ப்பார், மறுபடி கொஞ்சம். பிறகு துணிப்பொட்டலத்திலிருந்து ஒரு டயல் கேஜ் வெளிவந்தது. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே இருக்க வேண்டிய நெகிழ்வு வண்டிக்கு வண்டி மாறும். இந்த அளவு வண்டிகளில் பொதுவாக 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர். கடைசியாகச் சில பற்களில் வண்ணப் பசை தடவிச் சுழற்றினார். ஒரு பல் மறு பல்லில் விட்ட தடம் நடுவில் விழ வேண்டும். நுனியில் விழுந்தால் பினியன் எட்ட நிற்கிறது, அடியில் விழுந்தால் அதிகம் நெருங்கிவிட்டது. முதல் தடவை கொஞ்சம் நுனிப்பக்கம் விழுந்தது. எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. அவர் எல்லாவற்றையும் மறுபடி பிரித்து ஒரு ஷிம்மை மாற்றினார். அதற்கு இரண்டு மணி நேரம். எனக்கு என் சொந்த மொழிபெயர்ப்புகள் சில நினைவுக்கு வந்தன.

எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய். எல்லோருக்கும் இப்படி மலிவாக முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல்லில் குழி விழுந்திருந்தால் செட்டை மாற்றத்தான் வேண்டும். இன்னும் இரண்டு மாதம் ரேடியோவை நம்பி ஓட்டியிருந்தால் ஆட்டம் கண்ட பினியன் கிரவுனையும் தின்றிருக்கும். பேரிங் உடைந்து பின் அச்சு ஓட்டத்திலேயே இறுகிப் பூட்டிக்கொள்வதும் உண்டு. பாரத்தோடு அறுபதில் போகும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை உஸ்தாத் விவரிக்கவில்லை, கையைக் கவிழ்த்துக் காட்டினார். மின்சார வண்டி வந்தால் இந்தத் தொல்லையெல்லாம் போய்விடும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதிலும் டிஃபரன்ஷியல் உண்டு, என்ஜின் சத்தம் இல்லாததால் அது முனகினால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்றார்.

மாலையில் ஓட்டிப் பார்த்தோம். ஊளை போய்விட்டது. ஐம்பத்தைந்துக்கு மேல் மெலிதாக ஒரு ரீங்காரம் மட்டும் மிச்சம். பற்கள் கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன, இது இருக்கும், கூடாமல் பார்த்துக்கொள், ஆயிரம் கிலோமீட்டரில் வந்து ஆயிலை வடித்துக் காட்டு என்று சொல்லி அனுப்பினார் உஸ்தாத்.

டிரைவர் காட்டியிருக்கிறார். காந்தத்தில் ஒன்றும் இல்லையாம். போன வாரம் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னார். நான் சந்தோஷப்படுவதற்குள் குரலைத் தாழ்த்தி, இப்போது முன்பக்கம் ஏதோ கேட்கிறது, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா சார்ஜி என்றார்.