24.5 கோடி டாலர், 8 ஆட்டங்கள்: ஸ்ட்ராஸ்பர்க் கதையில் ஏமாந்தது யார்?

அமெரிக்காவின் வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணி, 2019 டிசம்பரில் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பந்துவீச்சாளருடன் 7 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. தொகை 24.5 கோடி டாலர். நம்ம கணக்கில் 2,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதற்குப் பிறகு அவர் ஆடியது மொத்தமே 8 ஆட்டங்கள். ஜெயித்தது ஒன்றே ஒன்று. 2022 ஜூனுக்குப் பிறகு மேஜர் லீக் ஆட்டம் எதிலும் அவர் பந்து வீசவில்லை. ஆனாலும் பணம் நிற்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தின் கடைசி சீசன் 2026. மேஜர் லீக் பேஸ்பாலின் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான பொது ஒப்பந்தமும் அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி காலாவதியாகிறது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டுமா என்ற சண்டையில், "ஆடாதவருக்கு எதுக்கு இவ்வளவு காசு?" என்று கேட்பவர்களுக்கு ஸ்ட்ராஸ்பர்க் ரொம்ப வசதியான உதாரணம். ஆனால், முழுக் கதையையும் பார்த்தால் அந்த உதாரணம் அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது.

யார் இந்த ஸ்ட்ராஸ்பர்க்?

பேஸ்பாலில் புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறைக்கு 'ட்ராஃப்ட்' என்று பெயர். 2009 ட்ராஃப்ட்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஸ்ட்ராஸ்பர்க். சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் கை. ட்ராஃப்ட்டில் வந்த ஒருவருக்கு அதுவரை யாரும் தராத 1.51 கோடி டாலரைக் கொடுத்து நேஷனல்ஸ் அவரை வளைத்துப் போட்டது.

2010 ஜூன் 8-ம் தேதி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு எதிராக முதல் ஆட்டம். 7 இன்னிங்ஸில் 14 பேரை பந்தைத் தொடவிடாமலோ, நின்று பார்க்கவிட்டோ 'ஸ்ட்ரைக்அவுட்' செய்தார். கடைசியாக வந்த 7 பேரும் வரிசையாக அப்படித்தான் போனார்கள். தோற்றுத் தோற்றுப் பழகிப்போன வாஷிங்டனுக்கு ஒரே ராத்திரியில் ஒரு ஹீரோ கிடைத்துவிட்டார்.

அந்தக் கொண்டாட்டம் மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. ஆகஸ்ட் 21 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பந்தை வீசியதும் கையை உதறினார். முழங்கைத் தசைநார் கிழிந்திருந்தது.

முழங்கை ஏன் கிழிகிறது?

கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தினால் அது 'த்ரோ'. பேஸ்பாலில் அந்த த்ரோதான் வேலையே. ஓடி வரவும் முடியாது. மேட்டில் நின்ற இடத்தில் இருந்து, காலில் தொடங்கும் விசை இடுப்பு, தோள் வழியாக ஏறி முழங்கையில் சவுக்கு மாதிரி சொடுக்கப்படும். அந்த இழுவையைத் தாங்குவது முழங்கையின் உள்பக்கம் இருக்கும் 'யு.சி.எல்' என்ற சின்னத் தசைநார்.

1974 வரை அது கிழிந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். அந்த ஆண்டு டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற வீரரின் இன்னொரு கையில் இருந்து ஒரு நாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். டாமி ஜான் 1976-ல் திரும்பி வந்து, மேலும் 164 ஆட்டங்களை ஜெயித்தார். அறுவை சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 2010 செப்டம்பரில் நடந்ததும் அதே 'டாமி ஜான் சர்ஜரி'தான். குணமாக ஒரு வருஷம் ஆனது.

2012: உட்காரவைத்தது சரியா?

இன்றுவரை ஓயாத சர்ச்சை இது. சர்ஜரிக்குப் பிந்தைய முதல் முழு சீசனான 2012-ல் ஸ்ட்ராஸ்பர்க் பிரமாதமாக வீசினார். அணியும் 98 வெற்றிகளோடு லீக்கிலேயே முதலிடம். ஆனால் அவர் 159 இன்னிங்ஸைத் தாண்டியதும், செப்டம்பரில், பொது மேலாளர் மைக் ரிஸோ "இந்த வருஷத்துக்கு இவ்வளவுதான்" என்று நிறுத்திவிட்டார். நாக்அவுட் சுற்றிலும் கிடையாது. பும்ராவை 2025 இங்கிலாந்து தொடரின் 5 டெஸ்ட்டில் 3-ல் மட்டும் ஆடவைப்போம் என்று முன்கூட்டியே சொன்னபோது இங்கே கிளம்பிய விவாதத்தை நினைத்துப் பாருங்கள். அதைவிடப் பல மடங்கு சூடு.

நாக்அவுட்டில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுடன் ஐந்தாவது, கடைசி ஆட்டம். நேஷனல்ஸ் 6-0 என்று முன்னிலையில் இருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் ஒரே ஒரு 'ஸ்ட்ரைக்' கிடைத்திருந்தால் வெற்றி. கிடைக்கவில்லை, 9-7 எனத் தோல்வி. ஸ்ட்ராஸ்பர்க் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

ரிஸோ திடீரென்று எடுத்த முடிவு அல்ல இது. முந்தைய ஆண்டு, இதே சர்ஜரியில் இருந்து மீண்ட ஜோர்டன் ஸிம்மர்மன் என்ற சக வீரரையும் 161 இன்னிங்ஸில் நிறுத்தியிருந்தார். கையை வைத்துச் சூதாடக் கூடாது என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் அந்த 160-க்குப் பக்கத்தில் கோடு போட மருத்துவம் துல்லியமான காரணம் எதுவும் தரவில்லை. சீசன் தொடக்கத்தில் சில ஆட்டங்களைத் தவிர்த்து, அக்டோபருக்கு மிச்சம் வைத்திருக்கலாமே என்ற கேள்விக்கும் திருப்தியான பதில் வரவில்லை.

எதிர் உதாரணமும் உண்டு. நியூயார்க் மெட்ஸின் மேட் ஹார்வி 2013-ல் இதே சர்ஜரி செய்துகொண்டவர். திரும்பி வந்த 2015-ல் 180 இன்னிங்ஸோடு நிறுத்த வேண்டும் என்றார் அவருடைய ஏஜென்ட் ஸ்காட் போராஸ். ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் இவர்தான் ஏஜென்ட். ஹார்வி நிற்கவில்லை, நாக்அவுட்டையும் சேர்த்து 216 இன்னிங்ஸ் வீசி, வேர்ல்டு சீரிஸ் வரை போனார். மெட்ஸ் அதில் தோற்றது. 2016-ல் ஹார்விக்குத் தோள் பகுதியில் நரம்பு நசுங்கும் பிரச்சினைக்காக சர்ஜரி. பழைய ஹார்வி திரும்பவே இல்லை.

அப்போ ரிஸோ செய்ததுதான் சரி என்று முடித்துவிடலாமா? பொறுங்கள். ஐந்து வருஷம் கழித்து ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் வந்தது அதே பிரச்சினைதான்.

2019: உச்சமும் கையெழுத்தும்

நடுவில் சின்னச் சின்னக் காயங்கள், 2016-ல் 17.5 கோடி டாலருக்கு ஒரு ஒப்பந்தம், நல்ல சீசன்கள், பாதியில் நின்ற சீசன்கள். எல்லாம் சேர்ந்து பலன் தந்தது 2019-ல். வழக்கமான சீசனில் 209 இன்னிங்ஸ், நாக்அவுட்டில் 36. நாக்அவுட்டில் 5 வெற்றி, தோல்வியே இல்லை. ஹூஸ்டனில் தோற்றால் எல்லாம் போச்சு என்ற ஆறாவது இறுதி ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை நின்று வீசினார். நேஷனல்ஸுக்கு வரலாற்றில் முதல் வேர்ல்டு சீரிஸ் கோப்பை. தொடரின் சிறந்த வீரர் ஸ்ட்ராஸ்பர்க்.

அந்த ஆண்டு மொத்தம் 245 இன்னிங்ஸ். அடுத்து போட்ட ஒப்பந்தம் 245 மில்லியன் டாலர். தற்செயல்தான், ஆனால் மறக்க முடியாத பொருத்தம்.

இன்னொரு விஷயம். அதே அணியின் நட்சத்திர பேட்டர் ஆண்டனி ரெண்டனும் அப்போது சந்தையில் இருந்தார். அவரை நேஷனல்ஸ் விட்டுவிட்டது. சில நாட்களில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அதே 7 ஆண்டு, அதே 24.5 கோடிக்கு அவரை எடுத்தது. காயங்களால் அவரும் பெரும்பாலான ஆட்டங்களில் ஆடவில்லை. ஆக, பந்துவீச்சாளரை நம்பியதுதான் தப்பு என்றும் சொல்ல முடியாது.

ஒரு விலா எலும்பு

2020-ல் கை மரத்துப்போய் மணிக்கட்டில் சர்ஜரி. 2021-ல் 'தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்'. கழுத்து எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்கும் நிலை இது. இடம் உண்டாக்க ஒரு விலா எலும்பையே வெட்டி எடுக்கிறார்கள். டாமி ஜான் சர்ஜரிக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் ஏராளம். இதற்குப் பிறகு பழைய பலத்தோடு வந்தவர்கள் குறைவு. 2022 ஜூன் 9-ல் மயாமியில் வீசிய ஐந்து இன்னிங்ஸுக்கும் குறைவான ஆட்டமே ஸ்ட்ராஸ்பர்க்குக்குக் கடைசி.

ஓய்வு பெறுவதும் சுலபமாக இல்லை. 2023 செப்டம்பர் 9-ல் பிரியாவிடைச் செய்தியாளர் சந்திப்பு நடக்க இருந்தது; பணத்தை எப்படிக் கொடுப்பது என்ற இழுபறியில் அது ரத்தானது. முறைப்படி ஓய்வு 2024 ஏப்ரலில்தான் பதிவானது. பேஸ்பாலில் ஒப்பந்தப் பணம் உத்தரவாதமானது. காயத்தோடு அணியின் பட்டியலில் இருந்தால் முழுச் சம்பளம் உண்டு. தானாக ஓய்வை அறிவித்தால் உரிமை போய்விடலாம். அதனால்தான் ஆட முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் பெயர் மாதக்கணக்கில் பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தது. கோப்பை வாங்கிக் கொடுத்தவரை இப்படியா வழியனுப்புவது என்று ரசிகர்கள் கொதித்ததில் தப்பில்லை.

ஏமாந்தது யார்?

2019-க்குப் பிந்தைய 31 இன்னிங்ஸை மட்டும் வைத்து வகுத்தால், ஒரு இன்னிங்ஸுக்கு 78 லட்சம் டாலர். படுமோசமான பேரம். ஆனால் மேஜர் லீக்கில் ஒரு வீரர் முதல் 6 ஆண்டுகள் தன் அணியை விட்டு நகர முடியாது. அதில் முதல் 3 ஆண்டுகள் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். இளமையில் மலிவாக உழைத்து, முப்பது வயதில் மொத்தமாக வாங்கிக்கொள்வதுதான் அங்கே நடைமுறை. அந்த வயதில்தான் உடம்பும் மக்கர் பண்ணும். பெரிய ஒப்பந்தங்களில் பாதி, நடந்து முடிந்ததற்கான கூலி. நேஷனல்ஸ் உரிமையாளர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

2012-ல் ரிஸோ எண்ணியது இன்னிங்ஸை. சிக்கல் வேறு இடத்தில் இருப்பதாகத் தெரிகிறது. பந்துவீச்சாளர்களின் காயங்கள் குறித்து 200-க்கும் மேற்பட்டோரிடம் பேசி, மேஜர் லீக் 2024 டிசம்பரில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அது முக்கியமாகக் கைகாட்டுவது வேகத்தையும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசும் பழக்கத்தையும். 2008-ல் சுமார் 147 கிலோமீட்டராக இருந்த வேகப்பந்தின் சராசரி, 2024-ல் சுமார் 152 ஆனது. காயப் பட்டியலில் பந்துவீச்சாளர்களைச் சேர்த்தது 2005-ல் 212 முறை, 2024-ல் 485. வீசும் இன்னிங்ஸ் குறைந்துகொண்டே போன காலத்தில்தான் இந்த ஏற்றம்.

வேகத்தைக் குறைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? வேகம் இருந்தால்தான் ட்ராஃப்ட்டில் இடம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 2023 ட்ராஃப்ட்டில் முதல் ஆளாக எடுத்த பால் ஸ்கீன்ஸை, ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் பிறகு வந்த மிகச் சிறந்த கல்லூரிப் பந்துவீச்சாளர் என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். 160 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும் கை. 2025-ல் நேஷனல் லீக்கின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதும் வாங்கிவிட்டார். விரும்பிய அணியோடு பேரம் பேச அவர் 2029 சீசன் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.