மருத்துவப் படிப்பும் நமது கடமையும்

நெசவும் உழவும் செய்து வாழும் குடும்பத்திலே பிறந்த பிள்ளையொன்று மருத்துவராக வேண்டுமென்று விரும்பினால், அதைக் கேட்டு முதலில் மகிழ்பவரும் பெற்றோரே. முதலில் அஞ்சுபவரும் பெற்றோரே. மகிழ்ச்சிக்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. அச்சத்திற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று பணம், மற்றொன்று வழி தெரியாமை. பணத்தைப் பற்றி நம்மவர்கள் மிகுதியாகக் கவலைப்படுகிறார்கள். வழி தெரியாமையைப் பற்றியோ போதிய அளவு கவலைப்படுவதில்லை. இரண்டாவதே பெருங்கேடு என்பது நமது துணிபு.

மருத்துவக் கல்லூரி இடம் என்பது நமது நாட்டில் என்றுமே எளிதாகக் கிடைத்ததில்லை. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். அதற்கு முன் புதுக்கோட்டைக் கல்லூரியில் சேருவதற்கே, பெண் என்னும் காரணத்தால், அவர் எதிர்ப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்துக் கல்லூரிகளில் வகுப்புவாரியாக இடம் ஒதுக்கியதைப் பற்றிய வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைத் தொடர்ந்தே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. 15(4) என்னும் பிரிவு பிறந்தது. பிற்பட்டோருக்கு இன்று கிடைக்கும் ஒதுக்கீட்டின் பின்னே மருத்துவக் கல்லூரி வாயிலில் நின்ற ஒரு வழக்கு உண்டு என்பதை அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ளுதல் நலம்.

அதன் பின் வழிமுறைகள் பலமுறை மாறின. தமிழ்நாட்டில் 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு நடந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீங்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017இல் நீட் என்னும் அகில இந்தியத் தேர்வு நம்மிடமும் நடைமுறைக்கு வந்தது. அதினின்று விலக்குக் கோரி 2021இல் சட்டமன்றம் இயற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் இசைவு கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இத்தேர்வு வேண்டுமா வேண்டாமா என்னும் வாதம் பெரிது. அது நடக்க வேண்டிய மன்றங்களில் நடக்கட்டும். ஆனால் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் உள்ள பிள்ளை அவ்வாதம் முடியும் வரை காத்திருக்க இயலாது. அப்பிள்ளைக்கு இன்று நாம் செய்யத்தக்கது என்ன என்பதே இங்கே நமது பேச்சு.

முதலாவது, இது பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கும் காரியமன்று. ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. 2020ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளிலேயே பயின்று, நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்படுகிறது. நகராட்சிப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகள் அடங்கா. கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துப் பின்னர் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இடமுண்டு. இவ்வொதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றமும் இச்சட்டத்தைச் செல்லுமென்று உறுதி செய்தது.

இதன் பொருளை நாம் நன்கு உணர வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளையை, பத்தாம் வகுப்பு முடிந்ததும், கடன் வாங்கியாவது பெயர்பெற்ற தனியார் பள்ளிக்கு மாற்றுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. பிள்ளையின் நன்மையை நாடியே அவ்வாறு செய்கிறோம். ஆனால் அம்மாற்றத்தால் ஐந்தாண்டுகள் அரசுப் பள்ளியில் படித்துச் சேர்த்த உரிமை ஒரே நாளில் போய்விடுகிறது. பாவில் விட்டுப்போன இழையைச் சேலை நெய்து முடியும் தறுவாயில் சேர்க்க முடியாது என்பது நெசவாளர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. மாற்றுச் சான்றிதழ் வாங்குமுன் இதை ஒரு முறை எண்ணிப் பார்க்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது, சான்றுகள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்பதற்குத் தலைமை ஆசிரியரின் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வந்த பின் தேடி அலைவோர் பலர். கலந்தாய்வு நாட்களோ விரைந்து செல்வன. வட்டாட்சியர் அலுவலகத்துக் கோப்போ தன் நடையிலேயே செல்வது. பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் ஆதார் அட்டையில் வேறொரு பெயரும் இருந்தால் திருத்த நாட்கள் பல வேண்டும். ஆகவே பதினொன்றாம் வகுப்புக் கோடை விடுமுறையிலேயே இவை யாவும் ஒரு கோப்பில் சேர்ந்துவிட வேண்டும். விண்ணப்பத்தில் தருகின்ற கைப்பேசி எண் வீட்டாருடையதாக இருத்தல் வேண்டும். கணினி மையத்துக்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, வந்த செய்தி தெரியாமல் நாளைத் தவறவிடுவது எளிதில் தவிர்க்கக்கூடிய இழப்பாகும்.

மூன்றாவது, தேர்வைப் பற்றிய அறிவு. 2025ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினாக்கள். மொத்தம் 720 மதிப்பெண். காலம் 3 மணி. சரியான விடைக்கு 4 மதிப்பெண் சேரும். தவறான விடைக்கு 1 குறையும். பாதி வினாக்கள் உயிரியல். மறுபாதி இயற்பியலும் வேதியியலும். தமிழிலும் எழுதலாம். அவ்வாண்டு மதியம் 2 மணிக்குத் தொடங்கிய தேர்வுக்கு 1.30க்கே வாயில் அடைக்கப்பட்டது. வெளியூர் மையத்திற்குச் செல்லும் பிள்ளையோடு ஒருவர் முன்னதாகவே சென்று இடத்தைப் பார்த்து வைப்பது நலம்.

இங்கே ஒரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். நீட் தேர்வில் தகுதி பெறுவது வேறு. இடம் பெறுவது வேறு. 2024இல் நாடு முழுவதும் இத்தேர்வை எழுதியவர்கள் 23 இலட்சத்திற்கு மேற்பட்டவர்கள். தகுதி பெற்றோர் தொகை இடங்களின் தொகையைப் போலப் பல மடங்கு. இந்த இடைவெளியிலேதான் தரகர்கள் புகுகிறார்கள். குறைந்த மதிப்பெண்ணோடு தகுதி பெற்ற பிள்ளையின் வீட்டிற்கு வந்து, "இடம் வாங்கித் தருகிறோம், முன்பணம் கொடுங்கள்" என்பார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓராண்டுக் கட்டணம் மட்டுமே 20 இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. படிப்போ பயிற்சியாண்டு உட்பட ஐந்தரை ஆண்டு. இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பை விற்று முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு இரண்டாம் ஆண்டுக்கு எங்கே போவது? வெளிநாடு சென்றாலும் நீட் தகுதி வேண்டும். திரும்பி வந்த பின் இங்கே தொழில் செய்ய மற்றுமொரு தேர்விலும் வெல்ல வேண்டும். 2022இல் உக்ரைன் போரினால் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய நம் மாணவர்களின் துயரத்தை யாரும் மறந்திரார். கலந்தாய்வுக்கு வெளியே இடம் தருவதாகச் சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

கடன் வேண்டுமாயின் அதற்கும் முறையுண்டு. 4 இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கலாகாது என்பது வங்கிகளுக்குரிய விதி. இதை அறியாமல் தறியையும் நகையையும் வட்டிக்கடையில் வைப்பது நம் அறியாமைக்கு நாமே கட்டும் அபராதம்.

நான்காவதே எல்லாவற்றிலும் முதன்மையானது. அது பிள்ளையின் மனம். நமக்கு அண்டையதான அரியலூர் மாவட்டத்தில், குழுமூர் என்னும் சிற்றூரில், மூட்டை தூக்கிப் பிழைத்த தந்தையின் மகள் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். நீட் முறையை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை சென்று நின்றவர். 2017 செப்டம்பர் 1ஆம் நாள் அவர் நம்மை விட்டு மறைந்தார். அச்சோகத்தைத் தமிழ்நாடு முழுவதும் உணர்ந்தது. ஆனால் உணர்ந்தது போதாது. நம் இல்லத்தில் நாம் பேசும் சொற்களையும் அதன்பின் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். "உன்னை நம்பித்தான் இக்குடும்பம் இருக்கிறது" என்று அன்போடு கூறும் சொல்லே பதினேழு வயதுத் தோளில் பெரும் பாரமாகும். நம் ஊர்ப் பீங்கான் தொழிலாளர்களுக்குத் தெரியும்: பச்சைப் பாண்டத்தை ஈரம் உலருமுன் சூளையில் ஏற்றினால் அது வெடித்துவிடும். குற்றம் மண்ணில் இல்லை. ஏற்றியவரின் அவசரத்தில் இருக்கிறது.

ஆதலால் பிள்ளை உறங்குகிறதா, உண்கிறதா, வாய்விட்டுப் பேசுகிறதா என்று பாருங்கள். தேர்வு முடிவு வரும் நாளில் வீட்டில் ஒருவராவது பக்கத்தில் இருங்கள். அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அன்று பேசாதீர்கள். மனம் மிகத் தளர்ந்தால் 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல ஆலோசனை எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும். 104 என்னும் எண்ணும் உண்டு. அவ்வெண்களை எழுதி வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைப்பது இழுக்கன்று.

மாற்று வழிகளையும் முன்னரே பேசிவிட வேண்டும். தோல்விக்குப் பின் பேசினால் அவை ஆறுதலாகத் தோன்றும். முன்னரே பேசினால் தேர்வாகத் தோன்றும். செவிலியர் பட்டப்படிப்பு, மருந்தாளுநர் படிப்பு, கால்நடை மருத்துவம், வேளாண்மை ஆகியவற்றிற்குத் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். மணிலாவிலும் முந்திரியிலும் புதிய ரகங்களைக் கண்டு தந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் நம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. ஒரு நோயைத் தீர்ப்பவருக்கும் ஒரு நல்ல விதையைக் கண்டு தருபவருக்கும் இடையே உயர்வு தாழ்வு கற்பிப்பது உழவர்க்கு அழகன்று.

இனி, சங்கத்தின் கடமை யாது? இது தனிக் குடும்பத்தின் காரியம், சங்கத்திற்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் 1844இல் ராச்டேல் நகரத்து நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் கூடி அமைத்த சங்கம், பின்னர்த் தன் இலாபத்தில் 2.5 விழுக்காட்டைக் கல்விக்கென்று ஒதுக்கியது. மாவு விற்ற கடையின் மேல்மாடியில் வாசகசாலை வைத்தவர்கள் அவர்கள். கூட்டுறவு என்பது கடனும் வட்டியும் மட்டுமன்று என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டா.

ஆகவே நாம் நான்கு காரியங்களைச் சங்க நிர்வாகிகள் முன் வைக்கிறோம். ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஒரு நாளைச் சான்று நாள் என்று வகுத்து, அங்கத்தினர் பிள்ளைகளின் கோப்புகளைப் படித்தவர் ஒருவர் பார்த்துக் குறை சொல்ல ஏற்பாடு செய்தல் வேண்டும். சங்கக் கட்டிடத்தில் மாலை நேரத்தில் ஓர் அறையும் நல்ல விளக்கும் படிக்கும் பிள்ளைகளுக்குத் திறந்திருத்தல் வேண்டும். தறியோசை ஓயாத ஓரறை வீட்டிலே படிக்கும் பிள்ளைக்கு அதுவே பேருதவி. சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்து விண்ணப்பக் கட்டணத்திற்கும் வழிச்செலவுக்கும் சிறு தொகை வழங்குதல் வேண்டும். ஏற்கெனவே மருத்துவக் கல்லூரியில் பயிலும் நம் பக்கத்துப் பிள்ளைகளை விடுமுறையில் அழைத்து இளையோரோடு பேசச் செய்தல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் தேவையில்லை. மனமும் முறையும் இருந்தாற் போதும்.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் அரியலூரும் கள்ளக்குறிச்சியும் நம் அண்டையில் உள்ளவை. சிதம்பரத்து இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் இப்பொழுது கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. ஒரு காலத்தில் சென்னைக்கும் தஞ்சைக்கும் சென்று தேடிய கல்வி, பேருந்தில் காலையில் ஏறினால் மதியத்திற்குள் சென்றடையும் தூரத்திற்கு வந்துவிட்டது. கல்லூரி அருகே வந்தது அரசின் செயல். நம் பிள்ளை அதன் வாயிலை உரிய நாளில், உரிய சான்றோடு, தளராத மனத்தோடு அடையச் செய்வது நம் செயல். அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளும் இடம்பெற வேண்டுமென்று அங்கத்தினர்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். கேளாத சங்கத்தில் எதுவும் நடவாது.