வாசலில் நிற்கும் புதிர்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்குள் நுழைகிறவர்களை வாசலிலேயே நிறுத்திச் சோதிப்பார்கள். மடியில் தீப்பெட்டி இருக்கிறதா, பீடி இருக்கிறதா, கைபேசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். "இந்தக் கோணல் எழுத்தைப் படித்துக் காட்டு, அப்புறம் உள்ளே போ" என்று எந்தக் காவல்காரரும் சொல்வதில்லை. ஆபத்து எதில் இருக்கிறதோ அதைத் தேடுகிறார். வந்த ஆளின் கண்ணைப் பரீட்சை செய்வதில்லை.

இணையதள வாசலில் நடப்பதோ வேறு. பி.எப். கணக்கைப் பார்க்க வேண்டுமா? நெளிந்து வளைந்த எழுத்துகளைப் படித்து அப்படியே தட்ட வேண்டும். கேப்ட்சா என்று பெயர். வேறு சில தளங்களில் படக் கட்டங்களைக் காட்டி, தீயணைப்புக் குழாய் எங்கே என்று கேட்கிறார்கள். அமெரிக்கத் தெருவோரத்துக் குழாய் அது. தீயணைப்பு வண்டியை எத்தனையோ முறை பார்த்துவிட்ட சாத்தூர்க்காரர்கூட அந்தக் குழாயைக் கண்டிருக்க மாட்டார்!

நோக்கம் நியாயமானதுதான். ஆயிரம் கடவுச்சொற்களை நொடியில் போட்டுப் பார்க்கும் தானியங்கி நிரல்களைத் தடுக்காவிட்டால் எந்தக் கணக்குக்கும் காவல் இல்லை. ஆனால் நம் விருதுநகர் மாவட்டத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம் என்று விபத்துகள் நடந்தபோதெல்லாம் இறந்தவர் எண்ணிக்கையைப் படித்தோம். பிழைத்தவர்களில் பார்வை போனவர் யார், விரல் சுருங்கியவர் யார் என்று யார் கேட்டோம்?

பார்வை போனவருக்குக் கைபேசியே எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். கேப்ட்சாவை மட்டும் அதனால் படிக்க முடியாது. அது படித்தால் கள்ள நிரலும் படித்துவிடும் அல்லவா? காதால் கேட்டு எழுதலாம் என்று சில தளங்கள் சலுகை தருகின்றன. இரைச்சலுக்கு நடுவே அன்னிய உச்சரிப்பில் ஏதோ ஆங்கிலம் கேட்கும். கடைசியில் அந்தத் தொழிலாளி கணினிக் கடைக்குப் போய், கடவுச்சொல் முதல் எல்லா ரகசியத்தையும் முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைக்கிறார். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு செய்யும் வேலை இது!

திருடனாவது நிற்கிறானா என்றால் அதுவும் இல்லை. ஜூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள் 2024-இல், கூகிளின் படப் புதிர்களை நூற்றுக்கு நூறு விடுவிக்கும் நிரலைச் செய்து காட்டிவிட்டார்கள்.

வேறு வழி உண்டா? உண்டு. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைக்கலாம். மனிதர் அதைத் தொடமாட்டார். நிரல் அவசரமாக நிரப்பி அகப்பட்டுக்கொள்ளும். (வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளுக்கும் அந்தக் கட்டத்தை மறைத்து வைக்க வேண்டும், இல்லையேல் பார்வையற்றவரே பொறியில் விழுவார்.) இரண்டே நொடியில் நிரம்பி வரும் படிவத்தைச் சந்தேகிக்கலாம். சிவகாசிக் காலண்டர் வியாபாரியின் விசாரணைப் படிவத்துக்கு இவை தாராளமாகப் போதும். பணம் புழங்கும் தளத்துக்குப் போதா. அங்கே தவறான முயற்சிகளுக்கு எல்லை வகுத்து, கைபேசிக்கு ஒருமுறை எண் அனுப்பலாம்; அதை உள்ளிடப் போதிய அவகாசமும் தரவேண்டும்.

சுப்ரீம் கோர்ட்டும் சும்மா இருக்கவில்லை. உயிருள்ள மனிதர்தாமா என்று அறிய, கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொன்ன வங்கி முறையால், ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்கள் தவித்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30-இல் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் இணைய வசதியை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றே தீர்ப்பளித்தார்கள். இத்தகைய சேவைகளைப் பார்வையற்றவர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள்.

அந்தச் சோதனைக்கு ஆள் தேடி டில்லியில் அலைய வேண்டாம். விபத்தில் பார்வை இழந்த நம் பட்டாசுத் தொழிலாளர்களை அழைத்து, நாள் கூலி கொடுத்து உட்கார வைக்கட்டும். முதலில் பி.எப். தளத்தைத் திறக்கச் சொல்லட்டும்.