பன்னிரண்டு பாட்டும் ஒரு சிநேகிதியும்

பரண் ஒழிக்கும்போது பழைய பிஸ்கட் டப்பா ஒன்று அகப்பட்டது. உள்ளே ஒரு கேசட். அட்டையில் நீல மையில் பன்னிரண்டு பாட்டுகளின் பெயர். 1986-ல் எனக்குக் கல்யாணமாகிக் கம்பத்தை விட்டுப் புறப்பட்ட அன்று என் சிநேகிதி கொடுத்தது.

இளைய வாசகிகளுக்குச் சொல்கிறேன். அப்போது வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் ரெக்கார்டிங் கடையில் பதிந்து தருவார்கள். 60 நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிஷம்தான். ஆறேழு பாட்டு கொள்ளும். ஒன்றைச் சேர்க்க இன்னொன்றைத் தள்ள வேண்டும். எனக்காக எவ்வளவு யோசித்திருப்பாள்! மேல் விளிம்பிலுள்ள பிளாஸ்டிக் துண்டையும் உடைத்து வைத்திருந்தாள். அப்படிச் செய்தால் தவறிப்போய் வேறெதுவும் அதன்மேல் பதியாது.

எல்லாம் நம்ம பண்ணைப்புரத்து இளையராஜா பாட்டுத்தான். 1976-ல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து எங்கள் பள்ளத்தாக்குக்கு அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி. புது ஊரில், முதல் பிரசவத்துக்குப் பின் காரணமில்லாமல் அழுத நாட்களில் அந்தக் கேசட்தான் எனக்குத் துணை.

போன வருஷம் அதே சிநேகிதி போனில், "பெங்களூரிலே பிள்ளை பெத்திருக்காளே என் மக, யார்கிட்டேயும் பேசவே மாட்டேங்கிறாடி" என்றாள். நான் உடனே இருநூறு பாட்டு உள்ள லிங்க் ஒன்றை வாட்ஸப்பில் தட்டிவிட்டேன். பதிலே இல்லை.

பிறகு உட்கார்ந்து, கேசட்டிலிருந்த பன்னிரண்டையும் யூடியூபில் அதே வரிசையில் கோத்தேன். 'உன் அம்மா எனக்குப் பொறுக்கித் தந்தவை' என்று எழுதி, கேசட் அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது. "சித்தி, அம்மா கையெழுத்தா?" என்றவள் விம்மிவிட்டாள். பிரசவமாகி ஒரு மாதம், தினமும் இப்படித்தானாம்.

பாட்டு அவள் வாயைத் திறந்தது, குணப்படுத்தியது டாக்டர்தான். பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சும்மா இருக்கக் கூடாது. டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இப்போது அவள் தேறிவிட்டாள்.

இன்று பாட்டுக்குப் பஞ்சமில்லை. பொறுக்கித் தரத்தான் ஆளில்லை. உங்கள் சிநேகிதிக்குப் பன்னிரண்டே பாட்டு அனுப்புங்கள். அனுப்பிவிட்டு, போன் போட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள். செய்வீர்கள்தானே?