படிக்க இயலாதது வெறுமையன்று



குடும்பத்தின் திருமணப் படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் இந்நாளில் உள்ளங்கையளவேயான ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடங்கிவிடுகின்றன. தந்தையிடம் இருப்பது விண்டோஸ் கணினி, மகளிடம் மேக், மகன் கல்லூரியில் பழகியது லினக்ஸ். மூவரும் ஒரே டிஸ்க்கைப் பயன்படுத்த விரும்பினால், அதனை எந்தக் கோப்பு முறைப்படி அமைப்பது?

எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் கணக்கேடே கோப்பு முறை. அக்கணக்கை எழுதும் வகைதான் வேறுபடுகிறது.

1996இல் வந்த ஃபேட்32 முறையை ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் அறியும். ஆயினும் 4 ஜிகாபைட்டை எட்டும் தனிக் கோப்பை அது ஏற்காது; நீண்ட திருமண வீடியோ அங்கே தடைபடும். விண்டோஸுக்குரிய என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கை மேக் படிக்கும். தனி மென்பொருள் இன்றி அதில் எழுதாது. மேக்குக்கென 2017இல் வந்த ஏ.பி.எஃப்.எஸ். முறையையோ, தனி மென்பொருள் இன்றி விண்டோஸால் படிக்கவே இயலாது.

ஆகவே மூவருக்கும் பொதுவாக நாம் பரிந்துரைப்பது, மைக்ரோசாஃப்ட் 2006இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்ஃபேட். 2019இல் அதன் விவரக்குறிப்பு வெளியிடப்பட்டபின் லினக்ஸும் அதனை ஏற்றுக்கொண்டது. குறையும் ஒன்று உண்டு. செய்யப்போகும் மாற்றத்தை முன்னதாகவே குறித்துக்கொள்ளும் வசதி அதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கையில் கம்பியைப் பிடுங்கினால் கணக்கேடே குலைந்துபோகலாம். கணினியில் முறைப்படி விடுவித்த பின்னரே டிஸ்க்கைக் கழற்றுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தனக்குத் தெரியாத முறையிலுள்ள டிஸ்க்கை இணைத்தால், அதனை ஃபார்மட் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்கும். நாமறிந்த குடும்பம் ஒன்றில், மகள் மேக்கில் நிரப்பித் தந்த டிஸ்க்கைத் தந்தை விண்டோஸில் இணைத்தார். அக்கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்திவிட்டார். மறைந்த துணைவியாரின் குரல் பதிவாகியிருந்தது அதில் மட்டுமே. டிஸ்க் வெறுமையாய் இருக்கவில்லை. அதன் எழுத்து அந்தக் கணினிக்குத் தெரியவில்லை, அவ்வளவே. எழுத்தறியாதவன் கையிலுள்ள ஏடு வெற்றேடு ஆகிவிடுமா?

எனவே, டிஸ்க்கை வாங்கிய அன்றே, அது காலியாய் இருக்கும்போதே, முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பின்னர் மாற்ற நேர்ந்தால், உள்ளவற்றை வேறிடத்தில் பிரதியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். அரியவற்றை இரண்டு இடங்களில் வையுங்கள். 'ஆம்' என்று அழுத்துமுன், அந்த டிஸ்க்கை நிரப்பியவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.