பலாப்பழக்காரம்மாவுக்குக் குடுங்கய்யா அந்த விருதை!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த விஷயம் மக்களே. கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு. பொறுத்துக்கோங்க.

போன வாரம் பழைய நண்பர் ஒருத்தர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். மேடை, கோட்டு சூட்டு, பூங்கொத்து, கையில கண்ணாடிக் கேடயம். என்டிடியைத் திறம்படப் பயன்படுத்தினதுக்காக அவங்க கம்பெனிக்கு விருதாம். என்ன சாதிச்சாங்கன்னு ஒரு குறிப்பும் கூட இருந்துச்சு. வெல்டிங்ல ரிப்பேர் விகிதம் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருதாம், அதுதான் சாதனை.

"வாழ்த்துகள் சார்"னு பதில் போட்டுட்டேன். அன்னிலேர்ந்து வயித்தெரிச்சல். பொறாமையான்னு கேட்டா... கொஞ்சம் பொறாமையும்தான், மறைப்பானேன். ஆனா வேற ஒரு காரணமும் இருக்கு.

அதுக்கு முன்னாடி, என்டிடின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பொருளை வெட்டாம, உடைக்காம உள்ளே விரிசல் இருக்கா, ஓட்டை இருக்கான்னு கண்டுபிடிக்கிற வேலை. கண்ணால பாக்கறது ஒண்ணு. சிவப்புச் சாயத்தை அடிச்சு, துடைச்சு, மேல வெள்ளை மாவை ஊதினா விரிசல் இருக்கற எடத்துல சிவப்புக் கோடு கசியும், அது ஒண்ணு. காந்தப்பொடி ஒண்ணு, அல்ட்ராசானிக் ஒண்ணு. கடைசியா ரேடியோகிராபி. இரிடியம் துண்டை வச்சு காமா கதிரால இரும்புக் குழாயைப் படம் புடிக்கறது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மாதிரியேதான், நோயாளி மட்டும் குழாய்.

நான் பத்து வருஷத்துக்கு மேல பொழைச்சது இதுலதான்.

போட்டோ வந்த மறுநாள் சனிக்கிழமை. பசங்களுக்கு லீவு. ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை ஏறி, காவலூர் வான்காணகத்துல நட்சத்திரம் காட்டலாம்னு கூட்டிட்டுப் போனேன். போற வழியில ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வந்தோம். ரோட்டோரம் ஒரு மலையாளி அம்மா பலாப்பழம் குவிச்சு வச்சிருந்தாங்க. (கேரளா மலையாளி இல்லீங்க. ஜவ்வாது மலையோட பழங்குடி மக்களுக்கு மலையாளின்னு பேரு.) இருக்கறதுலயே பெரிய பழமா பாத்து கையைக் காட்டினேன்.

அந்தம்மா தூக்கல. ரெண்டு விரலை மடக்கி அங்க ஒரு தட்டு, இங்க ஒரு தட்டு. முள்ளை ஒரு தடவு தடவினாங்க. காம்புகிட்ட மோந்து பாத்தாங்க.

"இது வேணாம் சாமி. ஒரு பக்கம் அடி வாங்கியிருக்கு, உள்ள அழுகியிருக்கும். இத எடுத்துக்க, நாளைக்கு அறுக்கலாம்."

அவங்க எடுத்துக் குடுத்தது அதுல பாதி கூட இல்ல. காசும் பாதி.

வண்டில வந்து உக்காந்தும் எனக்கு வண்டியை எடுக்கத் தோணல. தட்டிப் பாக்கறது ஒலி சோதனை, தடவறது மேற்பரப்பு சோதனை, மோந்து பாக்கறதுக்கு எங்க துறையில மெஷினே கிடையாது. ஆனா என்னைப் புடிச்சு நிறுத்தினது அதெல்லாம் இல்ல. சோதனை பண்ணினதும் அவங்கதான், விக்கறதும் அவங்கதான். முடிவு அவங்களுக்கே நஷ்டம். இருந்தும் உள்ளதை உள்ளபடி சொன்னாங்க.

நான் சொல்லல. அந்தக் கதை இதோ.

பல வருஷம் முன்னாடி ஒரு சைட். எந்த ஊர், எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. நீராவிக் குழாய் வேலை. ராத்திரிதான் ரேடியோகிராபி எடுப்போம், ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாதுங்கறதுக்காக. ஈயத்துல வெட்டின எழுத்தை ஒவ்வொரு மூட்டு மேலயும் ஒட்டிப் படம் எடுப்பாங்க. எந்த மூட்டு, எந்த வெல்டர்னு எல்லாம் ஃபிலிம்லயே விழுந்துடும். காலையில ஃபிலிமை விளக்குப் பெட்டி மேல வச்சு நான் பாக்கணும். ஒவ்வொண்ணுக்கும் பாஸ் இல்லேன்னா ரிப்பேர்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.

ஒருநாள் பாத்துக்கிட்டே இருக்கறப்ப ஒரு ஃபிலிம் எங்கயோ பாத்த மொகமா தெரிஞ்சுது. பாஸ் ஆகற அளவுக்கு சின்னச் சின்னதா மூணு காத்துப் புள்ளி, ஒரு முக்கோணமா. பழைய கட்டைத் தேடி எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சேன். புள்ளிக்குப் புள்ளி பொருந்துது. நம்பர் மட்டும் வேற. வெல்டிங் மூட்டுன்னா கைரேகை மாதிரிங்க, ஒண்ணு போல இன்னொண்ணு வராது. அதாவது ஒரே நல்ல மூட்டை, ஈய எழுத்தை மட்டும் மாத்தி மாத்தி ஒட்டிப் படம் எடுத்திருக்காங்க. நம்பர் மாத்தின மூட்டெல்லாம் எப்படி இருந்துச்சோ, கடவுளுக்கே வெளிச்சம்.

மேலதிகாரிகிட்ட கொண்டு போனேன். ரெண்டையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தார். "ஒத்துமை இருக்குதான்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "உனக்குக் கல்யாணம் எப்பன்னு சொன்னே?"ன்னார்.

அடுத்த மாசம் கல்யாணம். கையெழுத்துப் போட்டுட்டேன்.

அந்த வருஷம் எங்க சைட்டுக்குத்தான் குறைஞ்ச ரிப்பேர் விகிதத்துக்கான பரிசு. ஆளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. எங்க வீட்டுல அது ஒருநாளும் சுவர் ஏறினதில்ல. தங்கமணிக்கு இன்னைக்கு வரைக்கும் காரணம் தெரியாது. (இதைப் படிச்சா தெரிஞ்சுடும், அவ்வ்வ்.) 2020-ல நெய்வேலி ரெண்டாவது அனல்மின் நிலையத்துல மே மாசம் ஒண்ணு, ஜூலை மாசம் ஒண்ணுன்னு ரெண்டு கொதிகலன் விபத்து நடந்து ஆளுங்க செத்தாங்களே, அதுக்கும் நான் கையெழுத்துப் போட்ட வேலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேற ஊர், வேற இடம். ஆனாலும் சேதி வந்தப்ப மொதல்ல ஊர்ப் பேரைத்தான் பாத்தேன். இப்படிச் சேதி எது வந்தாலும் அப்படித்தான் பாக்கறேன்.

இப்ப சொல்லுங்க, ரிப்பேர் விகிதம் குறைஞ்சதுன்னு கேடயம் குடுத்தா எனக்கு வயிறு எரியுமா எரியாதா? நல்லா வெல்டு பண்ணினாலும் குறையும், ஒழுங்கா பாக்காம விட்டாலும் குறையும். காகிதத்துல ரெண்டும் ஒரே நம்பர். நடுவர்கள் முன்னாடி போறது காகிதம் மட்டும்தான்.

"நீ ஒரு மூலையில ஃபிலிம் பாத்த ஆளு, பெரிய எடத்துல இப்படியெல்லாம் நடக்காது"ன்னு பின்னூட்டத்துல யாராவது வருவீங்கன்னு தெரியும். அவங்களைத்தான் காவலூருக்குக் கூப்புடறேன்.

அன்னைக்கு ராத்திரி மேகம் மூடிடுச்சு. நிலாவைக் கூட பாக்க முடியல, பசங்க முகம் தொங்கிப் போச்சு. ஆனா பெரிய கூண்டை அண்ணாந்து பாத்துட்டு நின்னேன். அதுக்குள்ள இருக்கற வைணு பாப்பு தொலைநோக்கியோட கண்ணாடி 2.34 மீட்டர் குறுக்களவு. கண்ணாடிக் கட்டி மட்டும் வெளிநாட்டுலேர்ந்து வந்தது. பெங்களூர்ல இந்திய வான் இயற்பியல் மையத்துல நம்ம ஆளுங்களே வருஷக்கணக்கா தேய்ச்சுப் பளபளப்பாக்கினாங்க. தேய்க்கறது, சோதிக்கறது, திரும்பத் தேய்க்கறது. இந்தச் சோதனையும் உடைக்காமப் பாக்கற ஜாதிதான். வெளிச்சத்தைப் பட்டுத் திரும்ப வச்சு, எங்க மேடு எங்க பள்ளம்னு கண்டுபிடிக்கணும். பாப்பு 1982-ல காலமாயிட்டார். தொலைநோக்கியை 1986 ஜனவரியில ராஜீவ் காந்தி தொடங்கி வச்சார். யாரோட அவசரத்துக்காகவும் கண்ணாடியைப் பாதியில பாஸ் பண்ணல.

கிட்டத்தட்ட அதே அளவுல இன்னொரு கண்ணாடி இருக்கு, 2.4 மீட்டர். ஹப்பிள் தொலைநோக்கியோடது. அமெரிக்கா, நாசா, கொட்டிக் குடுத்த பணம். 1990 ஏப்ரல்ல மேல அனுப்பினா படம் மங்கலா வருது. விசாரணை வச்சாங்க. கண்ணாடியைச் சோதிக்கற கருவியில ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உக்காந்திருக்கு. தப்பான கருவியை நம்பி, ரொம்பத் துல்லியமா தப்பான வடிவத்துக்குத் தேய்ச்சிருக்காங்க. விளிம்புல சுமார் 2 மைக்ரான் பிசகு.

இதுல என்ன கொடுமைன்னா, எளிமையான வேற சோதனைகள் தப்பு இருக்குன்னு முன்னாடியே காட்டியிருக்கு. "பெரிய கருவிதான் துல்லியம், சின்னது சொல்றதை விடு"ன்னு ஒதுக்கிட்டாங்க. கெடு ஒரு பக்கம், பணநெருக்கடி ஒரு பக்கம். 1993 டிசம்பர்ல ஆளை அனுப்பி ஹப்பிளுக்கு 'மூக்குக்கண்ணாடி' மாட்டினப்பறம்தான் பார்வை சரியாச்சு.

ஆக நாசாவுல ஆனாலும் சரி, எங்க சைட்ல ஆனாலும் சரி, சோதனை உண்மையைச் சொல்லிடுச்சு. கேக்கத்தான் ஆள் இல்ல.

இப்ப விருதுக்கு வருவோம். மொத்தமா எல்லாமே மோசம்னு சொன்னா நாக்கு அழுகிடும். நம்ம நாட்டுல இந்திய என்டிடி சங்கம் 1989-லேர்ந்து சென்னையைத் தலைமையிடமா வச்சு நடக்குது, வருஷா வருஷம் தேசிய விருதும் குடுக்கறாங்க. கல்பாக்கத்துல பல்தேவ் ராஜும் அவர் கூட்டாளிகளும் இதே முறைகளை வச்சு நம்ம செப்புத் திருமேனிகளுக்கு 'கைரேகை' எடுத்தாங்க. சிலையைச் சுரண்டாம, கீறாம, இது அதேதானான்னு அடையாளம் சொல்ற வேலை. சிலை திருடற நாட்டுல இதுக்கு எத்தனை விருது குடுத்தாலும் தகும். பிரிட்டன்ல நெமெட் விருதுன்னு ஒண்ணு இருக்கு. என்டிடியைத் திறம்படப் பயன்படுத்தினதுக்குத்தான் அதுவும். இதுவரைக்கும் இந்தப் பக்கமே வராத சின்னக் கம்பெனிகளுக்குத் துணிச்சல் குடுக்கற மாதிரி உதாரணமா இருந்தா விசேஷம்னு வச்சிருக்காங்க. எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

ஆனா பொதுவா இந்த மேடைங்கள்ல என்ன நடக்குது? புது மெஷின் வாங்கினவனுக்குக் கைதட்டல். மிச்சம் புடிச்ச பணத்துக்குக் கைதட்டல். விருதுக்கு முன்னாடி ஒட்டியிருக்கற பேரைப் பாத்தா பல சமயம் கருவி விக்கறவங்க பேர். திறம்படன்னா என்னன்னு அவங்க சொல்ற அர்த்தம்தானே நிக்கும்?

என்னைக் கேட்டா (யாரும் கேக்கல, தெரியும்), விண்ணப்பத்துல நாலு கேள்வி சேக்கணும்.

ஒண்ணு. இந்த வருஷம் நீங்க 'வேண்டாம்'னு சொல்லி நிறுத்தினது எது? அதனால யாருக்கு எவ்வளவு நஷ்டம்?

ரெண்டு. வேண்டாம்னு எழுதினவர் இன்னும் வேலையில இருக்காரா? இருந்தா மேடைக்கு அவரை அனுப்புங்க, எம்டி கீழ உக்காந்து கைதட்டட்டும்.

மூணு. சோதிக்கறவனுக்குச் சம்பளம் குடுக்கறது யாரு? வெல்டிங் காண்டிராக்டர்கிட்டயே காசு வாங்கிட்டு அவன் வெல்டிங்கைப் பாத்தா, அது பரீட்சை எழுதற பையனே பேப்பர் திருத்தற கதை.

நாலு. ராத்திரியில இரிடியம் பெட்டியைத் தூக்கிட்டு சாரம் ஏறின ஹெல்ப்பர் யாரு? அவன் சட்டையில கதிர் அளக்கற பேட்ஜ் இருந்துச்சா, இல்ல அதுவும் ஆபீஸ் டிராயர்ல பத்திரமா இருந்துச்சா?

இந்த நாலுக்கும் நேரா பதில் சொல்ற கம்பெனிக்குக் கேடயம் என்ன, தேரே குடுங்க. நானே வடம் புடிக்கறேன்.

பலாப்பழத்தை மறுநாள் காலையில அறுத்தோம். அந்தம்மா சொன்ன மாதிரியே பக்குவம், ஒரு சுளை வீணாகல. சின்னவன் கொட்டையைத் துப்பிட்டுக் கேக்கறான், "அப்பா, அந்தப் பாட்டிக்கு எப்படி உள்ள இருக்கறது தெரிஞ்சுது?"

"தட்டிப் பாத்தாங்கடா"ன்னேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு யோக்கியதை பத்தல.

டிஸ்கி: நண்பரே, இதைப் படிச்சீங்கன்னா கோச்சுக்காதீங்க. உங்க கம்பெனி நேர்மையாவே வாங்கியிருக்கலாம். போட்டோவுல உங்க பின்னாடி கடைசி வரிசையில ஒல்லியா ஒரு பையன் நிக்கறானே, ஃபிலிம் பாக்கறவன்தானே அவன்? அவன் பேர் என்னன்னு மட்டும் சொல்லுங்க.